டிப்ளாய் செய்யும்போதெல்லாம் 502, அவ்வப்போது 137: குபெர்னெட்டிஸ் உள்ளே என்னதான் நடக்கிறது?

தறிநூல்:

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஆர்டர் சேவை இத்தனை நாளும் நான்கு விர்ச்சுவல் மெஷின்களில் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் கோரிக்கைகளைப் பிரித்தனுப்ப ஓர் என்ஜின்எக்ஸ், புதுப் பதிப்பு போட ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், விழுந்தால் எழுப்பிவிட சிஸ்டம்டி. இப்போது கன்டெய்னர்களை (தேவையானதெல்லாம் சேர்த்துக் கட்டிய பிராசஸ்களை) பல மெஷின்களில் பரப்பி ஓட்டும் குபெர்னெட்டிஸுக்கு, கிளவுட் நிறுவனமே பராமரிக்கும் ஒரு கிளஸ்டருக்கு (மெஷின் கூட்டத்துக்கு), மாறிவிட்டோம். ஓடுகிறது. ஆனால் இரண்டு விஷயம் பிடிபடவே மாட்டேன் என்கிறது.

ஒன்று, புதுப் பதிப்பு போடும்போதெல்லாம் சில நொடிகளுக்குச் சிலருக்கு 502 (பின்னாலிருக்கும் சேவையிடமிருந்து சரியான பதில் வரவில்லை என்ற பிழை) வருகிறது. ரோலிங் அப்டேட் என்றால் சேவை நிற்காமல் மாறும் என்றுதானே எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள்? இரண்டு, கூட்டம் அதிகமாகும் நேரத்தில் பாட்கள் (கன்டெய்னர் ஓடும் அலகுகள்) 137 என்ற எக்சிட் கோடுடன் (பிராசஸ் முடியும்போது விட்டுச்செல்லும் எண்) விழுந்து விழுந்து எழுகின்றன.

யாமல் அமைப்புக் கோப்பைத் திருத்திக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. நான் அந்தக் கோப்பை அப்ளை கொடுத்த பிறகு யார் முடிவெடுக்கிறார்கள், யார் வேலையைச் செய்கிறார்கள் என்று புரிந்துவிட்டால் மற்றதை நானே தேடிக்கொள்வேன். சேவை ஜாவா, ஸ்பிரிங் பூட். மூன்று ரெப்ளிகா (ஒரே பாட்டின் நகல்கள்).

இரவுக்காவல்:

இப்படிக் கேட்டதே பாதி வேலை முடிந்த மாதிரி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உங்கள் பழைய ஸ்கிரிப்ட் கட்டளைகளின் வரிசை. இதை நிறுத்து, அதை நகலெடு, திரும்ப ஓட்டு. பாதியில் அறுந்தால் பாதியிலேயே கிடக்கும். குபெர்னெட்டிஸிடம் நீங்கள் கொடுப்பது ஒரு நிலையின் விவரம்: 'இந்த இமேஜில் (சேவையைப் பொதிந்த கோப்பு), இவ்வளவு மெமரியுடன், மூன்று பாட் இருக்க வேண்டும்.'

அப்ளை கொடுத்ததும் அது கிளஸ்டரின் முன்வாசலான ஏபிஐ சர்வருக்குப் போகிறது. உங்களுக்கு அனுமதி உண்டா, வடிவம் சரியா என்று பார்த்துவிட்டு ஏபிஐ சர்வர் அதை எட்சிடி என்ற தரவுத்தளத்தில் எழுதி வைக்கிறது. அந்த நொடியில் ஒரு கன்டெய்னர்கூடத் தொடங்கியிருக்காது. அப்புறம் டிப்ளாய்மென்ட் கன்ட்ரோலர் இந்தப் பதிவைக் கவனித்து ஒரு ரெப்ளிகாசெட்டை (இத்தனை பாட் வேண்டும் என்ற பதிவை) எழுதுகிறது. ரெப்ளிகாசெட் கன்ட்ரோலர் அதைப் பார்த்து, கேட்டது மூன்று, இருப்பது பூஜ்யம் என்று கணக்கிட்டு மூன்று பாட் பதிவுகளை எழுதுகிறது. எந்த நோடில் (கிளஸ்டரின் மெஷினில்) ஓட வேண்டும் என்ற இடம் அவற்றில் காலியாக இருக்கும். ஷெட்யூலர் தேடிக்கொண்டிருப்பது அப்படிக் காலியாக இருக்கும் பாட்களைத்தான். இடம் போதாத, லேபிள் பொருந்தாத நோட்களை முதலில் கழித்துவிடும். மிச்சத்துக்கு மதிப்பெண் போட்டு, மேலே வந்த நோடின் பெயரை எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். ஒவ்வொரு நோடிலும் குபெலெட் என்று ஒன்று இருக்கிறது. தன் பெயர் எழுதிய பாட்டைக் கண்டதும் அது கன்டெய்னர்டி போன்ற ரன்டைமிடம் சொல்லி இமேஜை இறக்க வைக்கிறது. ரன்டைம் லினக்ஸ் கர்னலின் நேம்ஸ்பேஸ் (பிராசஸைத் தனிமைப்படுத்துவது), சிகுரூப் (அது எடுக்கும் மெமரி, சிபியுவுக்கு வரம்பு வைப்பது) வசதிகளை வைத்து கன்டெய்னரை எழுப்புகிறது. என்ன ஆயிற்று என்பதைக் குபெலெட் திரும்ப ஏபிஐ சர்வரிடம் எழுதுகிறது.

கவனியுங்கள், இதில் யாரும் யாரையும் நேரடியாகக் கூப்பிடவில்லை. ஷெட்யூலருக்குக் குபெலெட்டின் முகவரிகூடத் தேவையில்லை. எல்லோரும் ஏபிஐ சர்வரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், தன் பங்குக்கு உரியது வந்தால் செய்கிறார்கள்.

இந்தப் பாணி கூகுளுக்குள் பல ஆண்டுகள் ஓடிய போர்க் என்ற அமைப்பிலிருந்து வந்தது. சிகுரூப் வேலையே கூகுள் பொறியாளர்கள் 2006இல் தொடங்கியதுதான். 2008 ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.6.24இல் சேர்ந்தது. 2013இல் டாக்கர் வந்து கன்டெய்னரை எல்லோர் கைக்கும் கொண்டுவந்தது. 2014 ஜூனில் கூகுள் குபெர்னெட்டிஸை வெளியிட்டது, 2015 ஜூலையில் 1.0.

உங்கள் 137க்கு வருவதற்கு முன் ஒன்று தேவை. விழுந்த பாட்டை டிஸ்கிரைப் செய்து, லாஸ்ட் ஸ்டேட் பகுதியில் ரீசன் என்ன என்று இங்கே போடுங்கள். கீழே ஈவென்ட்ஸ் பகுதியையும்.

நெய்தல்:

குறுக்கே ஒரு கேள்வி, கல்லூரி மாணவி நான். யாரும் யாரையும் கூப்பிடவில்லை என்றால், ரெப்ளிகாசெட் கன்ட்ரோலர் இரண்டு பாட்டை எழுதிவிட்டு மூன்றாவதற்கு முன் செத்துப்போனால்? எங்கே விட்டோம் என்று அதற்கு எப்படித் தெரியும்?

இரவுக்காவல்:

தெரிய வேண்டியதே இல்லை நெய்தல். மாடித் தொட்டியின் மிதவை வால்வு, காலையில் எத்தனை குடம் எடுத்தார்கள் என்று கணக்கு வைப்பதில்லை. இப்போது மட்டம் எங்கே இருக்கிறது, அவ்வளவுதான் அதற்கு. கன்ட்ரோலரும் அப்படித்தான். திரும்ப எழுந்ததும் எண்ணிப் பார்க்கும்: வேண்டியது மூன்று, இருப்பது இரண்டு, ஒன்று எழுது. நடுவில் நடந்த சம்பவங்கள் பத்தைத் தவறவிட்டிருந்தாலும் கடைசி நிலையைப் பார்த்தால் போதும். நோட் விழுந்தாலும், யாராவது கையால் ஒரு பாட்டை அழித்தாலும், நீங்களே மூன்றை ஐந்தாக்கினாலும் அதே கணக்குதான். ஒவ்வொரு விபத்துக்கும் தனித்தனியாக மீட்பு நிரல் எழுதத் தேவையில்லை. இந்த வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

செங்காந்தள்:

137 பற்றி நான் சொல்கிறேன், ஜாவாக்காரர்களை இது நிறையப் படுத்துகிறது. சிக்னலால் செத்தால் எக்சிட் கோடு 128 கூட்டல் சிக்னல் எண். 128ஐக் கழித்தால் 9. அதாவது சிக்கில் (தடுக்க முடியாத கொலை சிக்னல்), கர்னல் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது. சிக்டெர்மில் (இறங்கச் சொல்லும் சிக்னல்) ஒழுங்காக இறங்கியிருந்தால் 128 கூட்டல் 15, 143 வந்திருக்கும்.

பெரும்பாலும் மெமரிதான் காரணம். கன்டெய்னருக்கு எழுதிய மெமரி லிமிட்டைத் தாண்டினால் சிகுரூப் அளவில் ஓஓஎம் கில்லர் (மெமரி தீர்ந்தால் கொல்லும் கர்னல் பகுதி) வந்து கொன்றுவிடும். ஜாவாவை ஓட்டும் ஜேவிஎம்மில் ஹீப் (நிரலின் பொருள்கள் இருக்கும் இடம்) மட்டும் மெமரி இல்லை; மெட்டாஸ்பேஸ், திரெட் ஸ்டாக், டைரக்ட் பஃபர், ஜிட் தொகுத்த நிரல் எல்லாம் வெளியே இருக்கின்றன. லிமிட் 1 ஜிபி வைத்து ஹீப்பையும் 1 ஜிபி வைத்தால் சாவு நிச்சயம். எதுவுமே சொல்லாமல் விட்டால் ஜேவிஎம் கன்டெய்னரின் மெமரியில் 25 சதவீதத்தைத்தான் ஹீப்புக்கு எடுக்கும். அது வீண். ஜாவா 8இல் 191வது அப்டேட்டுக்கு முந்தையது என்றால் இன்னும் மோசம்: கன்டெய்னரின் லிமிட்டைப் பார்க்காது, நோடின் மொத்த மெமரியைப் பார்த்துக் கணக்குப் போடும்.

ஆனால் இரவுக்காவல் அண்ணா ரீசன் கேட்டது சரி. 137 என்றாலே மெமரி என்று முடிவுகட்ட முடியாது.

தறிநூல்:

பார்த்தேன். ரீசன் 'எரர்' என்று மட்டும் இருக்கிறது, 'ஓஓஎம்கில்டு' இல்லை. ஈவென்ட்ஸில் 'லைவ்னெஸ் ப்ரோப் ஃபெயில்டு, டைம்அவுட்' என்று வரிசையாக வருகிறது. லைவ்னெஸ் ப்ரோப் எங்கள் ஹெல்த் முகவரியை அடிக்கிறது. அந்த முகவரி டேட்டாபேஸில் ஒரு சின்ன குவெரி ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் 200 கொடுக்கும். ரெடினெஸ் ப்ரோப் எதுவும் வைக்கவில்லை. இன்னொன்றும் கவனித்தேன், பழைய பாட் ஒவ்வொன்றும் 'டெர்மினேட்டிங்' என்று அரை நிமிடம் அப்படியே நிற்கிறது. இமேஜின் தொடக்கம் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். அது சில மாறிகளை அமைத்துவிட்டு ஜாவாவைக் கூப்பிடும்.

இரவுக்காவல்:

எல்லாமே இந்தப் பதிலில் இருக்கிறது. ஒவ்வொன்றாக.

லைவ்னெஸ் ப்ரோப் கேட்கும் கேள்வி, 'இந்த பிராசஸ் இனி எழவே முடியாத அளவு சிக்கிக்கொண்டதா, கொன்று திரும்ப எழுப்பட்டுமா?' ரெடினெஸ் கேட்பது, 'இப்போது இதற்கு வாடிக்கையாளரை அனுப்பலாமா?' முதலாவது தோற்றால் கன்டெய்னர் சாகும். இரண்டாவது தோற்றால் சர்வீஸின் (கோரிக்கைகளைப் பாட்களுக்குப் பிரித்தனுப்பும் பொது முகவரி) பட்டியலிலிருந்து விலக்கி வைப்பார்கள், அவ்வளவே. நீங்கள் டேட்டாபேஸை லைவ்னெஸில் கோர்த்திருக்கிறீர்கள். மாற்றாமல் விட்டால் ப்ரோப் 10 நொடிக்கு ஒருமுறை அடிக்கும், 1 நொடிக்குள் பதில் வர வேண்டும், தொடர்ந்து 3 முறை தோற்றால் தூக்கு. கூட்டம் ஏறும் நேரத்தில் டேட்டாபேஸ் கொஞ்சம் திணறி, அந்தக் குவெரி ஒன்றரை நொடி எடுத்தால், ஏறத்தாழ அரை நிமிடத்தில் மூன்று பாட்டும் ஒன்றாகக் கொல்லப்படும். எழும்போது மூன்றும் புதிதாகக் கனெக்ஷன் பூல் திறக்கும். ஏற்கெனவே மூச்சு வாங்கும் டேட்டாபேஸ் மேலும் அமுங்கும். திரும்பத் திரும்ப விழுந்தால் 10 நொடி, 20, 40 என்று எழுப்பும் இடைவெளியும் கூடிக்கொண்டே 5 நிமிடம் வரை போகும், அதுதான் கிராஷ்லூப்பேக்ஆஃப். கிளஸ்டரைக் குற்றம் சொல்ல முடியாது. டேட்டாபேஸ் பதில் சொல்லாவிட்டால் என்னைக் கொல் என்று எழுதிக் கொடுத்திருக்கிறது, அது கொல்கிறது.

லைவ்னெஸில் பிராசஸுக்குள்ளேயே முடிகிற சோதனை மட்டும் போதும். ஸ்பிரிங் பூட் 2.3 முதல் லைவ்னெஸ், ரெடினெஸ் இரண்டுக்கும் தனித்தனி முகவரியே உண்டு.

அடுத்து அந்த அரை நிமிடம். கன்டெய்னருக்குள் உங்கள் ஷெல் ஸ்கிரிப்ட்தான் பிராசஸ் எண் 1. குபெலெட் நிறுத்தச் சொன்னதும் சிக்டெர்ம் வருவது அதற்கு. ஷெல் அதைத் தன் குழந்தையான ஜாவாவுக்குக் கடத்தாது. அதோடு எண் 1ஆக ஓடும் பிராசஸ் ஒரு சிக்னலுக்கென்று ஹேண்ட்லர் வைக்காவிட்டால் கர்னல் அதை அப்படியே விட்டுவிடும். ஆக ஜாவாவுக்குச் செய்தியே போகவில்லை. 30 நொடி அவகாசம் முடிந்ததும் சிக்கில். 137 வந்த வழி இதுதான். ஸ்கிரிப்டின் கடைசி வரியில் ஜாவாவுக்கு முன்னால் 'எக்செக்' சேருங்கள். ஷெல்லின் இடத்தில் ஜாவாவே உட்கார்ந்துகொள்ளும்.

இனி 502. மூன்று ரெப்ளிகா வைத்திருக்கிறீர்கள். மேக்ஸ்சர்ஜ் (மாறும்போது எத்தனை பாட் கூடலாம்), மேக்ஸ்அன்அவைலபிள் (எத்தனை குறையலாம்) இரண்டும் வழக்கமாக 25 சதவீதம். முதலாவதை மேல்நோக்கியும் இரண்டாவதைக் கீழ்நோக்கியும் முழுதாக்குவார்கள். அதனால் உங்களுக்கு ஒரு பாட் கூடுதலாக எழும், ஒன்றும் குறையாது. புதியது தயார் என்றான பிறகே பழையது போகும். சிக்கல் 'தயார்' என்பதை யார் சொல்வது என்பதில். ரெடினெஸ் ப்ரோப் இல்லை என்றால் கன்டெய்னர் தொடங்கிய உடனேயே தயார் என்று எடுத்துக்கொள்ளும். ஸ்பிரிங் இன்னும் பீன்களை (தன் உள்பகுதிகளை) அடுக்கிக்கொண்டிருக்கும்போதே ஆர்டர்கள் வந்து கதவைத் தட்டுகின்றன, போர்ட் திறந்திருக்காது, 502.

செங்காந்தள்:

இதோடு ஒரு எச்சரிக்கை தறிநூல். எக்செக் மட்டும் சேர்த்துவிட்டு நிறுத்தினால் புதிதாக இன்னொரு 502 முளைக்கும்.

பாட்டை நீக்குவது பதிவானதும் இரண்டு வேலை ஒரே சமயத்தில் கிளம்புகின்றன. ஒரு பக்கம் குபெலெட் சிக்டெர்ம் அனுப்புகிறது. மறுபக்கம் சர்வீஸின் எண்ட்பாயிண்ட் பட்டியல் (பாட்களின் ஐபி முகவரிகள்) மாறி, அந்தச் செய்தி எல்லா நோடிலும் உள்ள குப்ப்ராக்ஸிக்கும் (பாட்டுக்கு வழி திருப்புவது) இன்கிரஸுக்கும் (வெளிக் கோரிக்கை நுழையும் வாசல்) போய்ச் சேர்ந்து, அவை தங்கள் விதிகளை மாற்ற வேண்டும். ஒன்று முடியட்டும் என்று இன்னொன்று காத்திருக்காது. ஜாவா சட்டென்று இறங்கிவிட்டால், பட்டியல் மாறாத நோட்கள் இன்னும் அந்த ஐபிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். இப்போது உங்கள் ஜாவா செய்தி கிடைக்காமல் அரை நிமிடம் நிற்பதால் இந்தப் பக்கம் மறைந்துகிடக்கிறது.

ப்ரீஸ்டாப் ஹூக்கில் (சிக்டெர்முக்கு முன் ஓடும் கட்டளை) சில நொடிகள் தூங்க வையுங்கள். அதற்குள் பட்டியல் எல்லா இடத்திலும் மாறிவிடும், அதன் பிறகே சிக்டெர்ம் வரும். ஸ்பிரிங்கில் கிரேஸ்ஃபுல் ஷட்டவுனையும் போடுங்கள், கையில் இருக்கும் ஆர்டரை முடித்துவிட்டு இறங்கும். இந்தத் தூக்கமும் அந்த 30 நொடிக் கணக்கில்தான் சேரும், தனி அவகாசம் கிடையாது. உங்கள் நீளமான கோரிக்கை 25 நொடி எடுக்குமானால் அவகாசத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

கோபுரவாசல்:

எல்லாம் சரி. ஆனால் யாரும் கேட்காத கேள்வியை நான் கேட்கிறேன். நான்கு மெஷினில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு சேவைக்கு இவ்வளவும் எதற்கு? ப்ரோப் மூன்று வகை, ப்ரீஸ்டாப், எண்ட்பாயிண்ட், இன்கிரஸ். என்ஜின்எக்ஸும் டாக்கர் கம்போஸும் (ஒரு மெஷினில் பல கன்டெய்னரைச் சேர்த்து ஓட்டுவது) வைத்துப் பிழைக்கும் குழுக்கள் ஏராளம். கொஞ்சம் கூடுதலாக வேண்டுமென்றால் நோமேட் இருக்கிறது, இதே வேலைக்கு ஒரே பைனரி. குபெர்னெட்டிஸ் ஆண்டுக்கு மூன்று பதிப்பு விடுகிறது, ஒவ்வொன்றுக்கும் ஆதரவு ஏறத்தாழ 14 மாதம். மேம்படுத்திக்கொண்டே இருக்க ஆள் வேண்டும். சின்னக் குழுவுக்கு அந்த ஆள் யார்?

ரெடிட்டுக்கு நடந்ததைப் படித்துப் பாருங்கள். அவ்வளவு பெரிய குழுவே தடுமாறியது.

வெண்கலமணி:

ரெடிட் சம்பவம் தெரியாதவர்களுக்காக: 2023 மார்ச் 14, தளம் 314 நிமிடம் கிடந்தது. அவர்களே விரிவாக எழுதி வெளியிட்டார்கள். பழைய கிளஸ்டர் ஒன்றைக் குபெர்னெட்டிஸ் 1.23லிருந்து 1.24க்கு ஏற்றினார்கள். கன்ட்ரோல் பிளேன் (ஏபிஐ சர்வர், ஷெட்யூலர் ஓடும்) நோட்களுக்கு 'மாஸ்டர்' என்றொரு லேபிள் இருந்தது. அதை மாற்றி 'கன்ட்ரோல் பிளேன்' என்று வைக்கப்போகிறோம் என்று குபெர்னெட்டிஸ் குழுவினர் 1.20லிருந்தே சொல்லிவந்தார்கள்; 1.24இல் பழைய லேபிள் போய்விட்டது. ரெடிட்டின் நெட்வொர்க்குக்கு கேலிகோ. அதன் ரூட் ரிஃப்ளெக்டர் (வழித்தடச் செய்தியை நோட்களுக்குப் பரப்புவது) அமைப்பு, எந்த நோட்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்கு அந்தப் பழைய லேபிளைத்தான் தேடிக்கொண்டிருந்தது. லேபிள் இல்லை, தேர்வில் ஒரு நோடும் இல்லை, பாட்களுக்கு இடையே வழித்தடம் அறுந்துபோனது. கீழிறக்க ஆதரவுள்ள வழி கிடையாது என்பதால் பேக்கப்பிலிருந்து மீட்டார்கள்.

இதில் நான் பார்ப்பது கோபுரவாசல் சொல்வதிலிருந்து கொஞ்சம் வேறு. அங்கே ஒவ்வொரு உறுப்பும் தனக்கு எழுதிக் கொடுத்ததைச் சரியாகவே செய்தது. 'மாஸ்டர் லேபிள் உள்ள நோட்' என்று ஒருகாலத்தில் யாரோ எழுதியது, அதன் அர்த்தம் காலியானபோதும் யார் கண்ணிலும் படவில்லை. லேபிள் என்பது வெறும் எழுத்து. பொருந்தாவிட்டால் பிழை வராது, பூஜ்யம் வரும். சர்வீஸின் செலக்டரில் (எந்த லேபிளைத் தேடுவது என்ற வரி) ஓர் எழுத்து பிசகினாலும் இதே கதைதான்: எந்தப் பிழையும் காட்டாமல் எண்ட்பாயிண்ட் பட்டியல் காலியாக நிற்கும். சர்வீஸ் வேலை செய்யவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது அந்தப் பட்டியலைத்தான்.

இரவுக்காவல்:

கோபுரவாசல் கேட்டது நியாயமான கேள்வி. ஒரே ஒரு சேவை, அதிகம் மாறாத கூட்டம், வாரத்துக்கு ஒரு ரிலீஸ் என்றால் நானும் கம்போஸைத்தான் சொல்வேன். பத்துப் பதினைந்து சேவை, வெவ்வேறு குழு, ஒரே நாளில் பல ரிலீஸ் என்று வரும்போது கணக்கு மாறும்.

ஆனால் இங்கே பேசிய சிக்கல்களில் எது குபெர்னெட்டிஸால் வந்தது? சிக்டெர்மைக் கடத்தாத ஸ்கிரிப்ட் பழைய மெஷினிலும் கையில் இருந்த ஆர்டரை வெட்டியிருக்கும். ஆனால் அங்கே சிஸ்டம்டி வழக்கமாக சர்வீஸுக்குள் இருக்கும் எல்லாப் பிராசஸுக்கும் சிக்டெர்ம் அனுப்பும், அதனால் தெரியாமல் போயிருக்கும். எப்போது தயார், எப்போது செத்தது, இறங்க எவ்வளவு நேரம் என்பதெல்லாம் எந்தச் சேவைக்கும் உண்டு. முன்பு அவை ஒருவர் தலையில் இருந்தன. இங்கே எழுதியே ஆக வேண்டும்.

கோபுரவாசல்:

அது ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 'பழகிக்கொள்ளலாம்' என்று சின்னக் குழுவை இழுத்துவிடுவதை நான் எதிர்க்கத்தான் செய்வேன். நெட்வொர்க், ஸ்டோரேஜ், சான்றிதழ், அனுமதிகள் என்று ஒவ்வொன்றும் தனிப் படிப்பு. கடவுச்சொல் வைக்கும் சீக்ரெட் என்று பெயர் வைத்த பொருளே சும்மா பேஸ்64, யாரும் திருப்பிப் படித்துவிடலாம். குறியாக்கத்தைத் தனியாக இயக்காவிட்டால் எட்சிடியில் அப்படியே கிடக்கும். புதிதாக வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நெய்தல்:

எனக்குத் தெரியாது, இப்போதுதான் தெரிந்தது. நன்றி.

இன்னொரு சந்தேகம். ஒரு நோட் மின்சாரம் போய் மொத்தமாக நின்றுவிட்டால் அதிலிருந்த பாட்கள் உடனே வேறு நோடில் எழுந்துவிடுமா?

இரவுக்காவல்:

உடனே இல்லை. ஒவ்வொரு குபெலெட்டும் 10 நொடிக்கு ஒருமுறை 'உயிரோடு இருக்கிறேன்' என்று லீஸ் பதிவைப் புதுப்பிக்கும். அது 40 நொடி வராவிட்டால், புதிய பதிப்புகளில் 50 நொடி, நோட் தொடர்பில் இல்லை என்று குறிப்பார்கள். அதன் பிறகும் பாட்கள் வழக்கமாக 300 நொடி பொறுத்துக்கொள்ளும். ஆக, அமைப்பைத் தொடாமல் விட்டால் ஆறு நிமிடத்துக்குப் பக்கத்தில் ஆகும். நெட்வொர்க் லேசாக விக்கியதற்கெல்லாம் நூறு பாட்டை இடம் மாற்றக் கூடாது என்றுதான் இந்தப் பொறுமை. அவசரமான சேவைக்கு டாலரேஷன் நொடியை (பொறுத்துக்கொள்ளும் அந்த 300ஐ) குறைத்துக்கொள்ளலாம். அதைவிட முக்கியம், மூன்று ரெப்ளிகாவும் ஒரே நோடில் உட்காராமல் பரப்பி வைக்கச் சொல்வது. பரப்பியிருந்தால் அந்த ஆறு நிமிடமும் மற்ற இரண்டும் தாங்கும்.

வெண்கலமணி:

ஸ்டேட்ஃபுல்செட் (நிலையான அடையாளம் கொண்ட பாட்களுக்கானது) என்றால் ஆறு நிமிடத்திலும் மாறாது, அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டேட்டாபேஸ் பாட் ஒன்று அந்த நோடில் இருந்தால் 'டெர்மினேட்டிங்' என்று நிற்கும், புதியது எழாது. காரணம் இருக்கிறது. நோட் உண்மையிலேயே செத்ததா, நெட்வொர்க் மட்டும் அறுந்து உள்ளே பாட் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. ஒரே அடையாளத்துடன் இரண்டு பாட் எழுதினால் தரவு நாசம். அதனால் நோட் செத்தது உறுதி என்று மனிதரோ கிளவுடோ சொல்லும்வரை அது கை வைக்காது. 1.28இல் நிலைபெற்ற 'அவுட் ஆஃப் சர்வீஸ்' டெயின்ட் (நோடுக்கு ஒட்டும் தடைக்குறி) இதற்காகவே வந்தது.

எட்சிடியும் இதே ஜாக்கிரதையில்தான் ஓடுகிறது. ராஃப்ட் முறைப்படி பெரும்பான்மை ஒப்புக்கொண்டால்தான் எழுத்து நிற்கும். மூன்று உறுப்பினர் என்றால் ஒன்றை இழக்கலாம், ஐந்து என்றால் இரண்டை. நான்கு வைப்பதில் லாபம் ஏதும் இல்லை, அதிலும் ஒன்றைத்தான் இழக்கலாம். எட்சிடி முழுதாக விழுந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் பாட்கள் ஓடும், வாடிக்கையாளருக்குச் சேவை போகும். ஆனால் புதிதாக எதுவும் நடக்காது. சொந்தமாகக் கிளஸ்டர் நடத்துபவர்கள் எட்சிடி ஸ்னாப்ஷாட் எடுப்பதோடு நில்லாமல் அதை ஒரு காலிக் கிளஸ்டரில் மீட்டும் பார்க்க வேண்டும்.

தறிநூல்:

எக்செக், ரெடினெஸ், ப்ரீஸ்டாப் மூன்றையும் ஸ்டேஜிங்கில் (சோதனைச் சூழலில்) போட்டேன். லைவ்னெஸிலிருந்து டேட்டாபேஸையும் எடுத்துவிட்டேன். லோடு கொடுத்துக்கொண்டே ரிலீஸ் செய்ததில் 502 வரவில்லை, பழைய பாட் 143இல் இறங்குகிறது. மிக்க நன்றி.

இப்போது ஆட்டோஸ்கேலர் (பாட் எண்ணிக்கையைத் தானாகக் கூட்டிக் குறைப்பது) பக்கம் போகிறேன். சிபியு 60 சதவீதம் என்று இலக்கு வைத்தால் எதில் 60 சதவீதம்? நோடிலா, லிமிட்டிலா?

செங்காந்தள்:

இரண்டிலும் இல்லை, ரிக்வெஸ்ட்டில், அதாவது பாட் தனக்கு வேண்டும் என்று எழுதிய அளவில். நிறையப் பேர் வழுக்கும் இடம். ஷெட்யூலர் இடம் பார்ப்பதும் ரிக்வெஸ்ட்டை வைத்துத்தான், உண்மையான பயன்பாட்டை வைத்து அல்ல. 4 கோர் நோடில் எல்லாப் பாட்டும் சும்மா உட்கார்ந்திருந்தாலும், ரிக்வெஸ்ட் கூட்டினால் 4 வந்துவிட்டது என்றால் அடுத்தது 'பெண்டிங்'தான்.

ஸ்கேலரின் கணக்கு எளிது. இருக்கும் பாட் எண்ணிக்கை பெருக்கல் இப்போதைய அளவு, வகுத்தல் இலக்கு, மேல்நோக்கி முழுதாக்கு. 4 பாட் 90 சதவீதத்தில் ஓடி, இலக்கு 60 என்றால் 6. வழக்கமாக 15 நொடிக்கு ஒருமுறை பார்க்கும். ஏற்றுவதில் தாமதிக்காது, இறக்குவதற்கு முன் 300 நொடி நிதானிக்கும். ரிக்வெஸ்ட்டை நிஜத்தைவிட மிகக் குறைவாக எழுதியிருந்தால் எந்நேரமும் 200 சதவீதம் என்று கண்டு பாட்டைக் குவித்துக்கொண்டே போகும்.

சிபியு லிமிட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மெமரி லிமிட்டைத் தாண்டினால் சாவு. சிபியு லிமிட்டைத் தாண்டினால் இழுத்துப் பிடிப்பு. கர்னல் 100 மில்லிநொடித் துண்டுகளாகக் கணக்கு வைக்கிறது. லிமிட் அரை கோர் என்றால் ஒவ்வொரு துண்டிலும் 50 மில்லிநொடி சிபியு நேரம். நான்கு திரெட் ஒன்றாக ஓடினால் அது 12.5 மில்லிநொடியில் தீர்ந்துவிடும், மிச்ச 87.5 மில்லிநொடி மொத்தச் சேவையும் உறைந்து நிற்கும். சராசரி சிபியு வரைபடத்தில் எதுவும் தெரியாது, பதில் நேரம் மட்டும் விட்டு விட்டு எகிறும். என் சேவைகளுக்கு மெமரி லிமிட் கட்டாயம் வைப்பேன், சிபியுவுக்கு ரிக்வெஸ்ட் மட்டும்.

கோபுரவாசல்:

இதில் நான் உடன்பட மாட்டேன். பல குழு சேர்ந்து ஓட்டும் கிளஸ்டரில் சிபியு லிமிட் இல்லையென்றால், இன்று அக்கம்பக்கம் காலியாக இருப்பதால் வேகமாக ஓடும் சேவை நாளை நோட் நிறைந்ததும் மெதுவாகும். குழுவோ 'நேற்று வேகமாக இருந்ததே' என்று தேடும். லிமிட் வைத்தால் என்றும் ஒரே வேகம். கணிக்க முடிவது எனக்கு முக்கியம்.

செங்காந்தள்:

ரிக்வெஸ்ட் நேர்மையாக இருந்தால் நோட் நிறைந்தாலும் அந்தப் பங்கு கட்டாயம் கிடைக்குமே. சிகுரூப் எடைகளின் வேலை அதுதான். ஆனால் எல்லாக் குழுவும் ரிக்வெஸ்ட்டை நேர்மையாக எழுதாது என்று நீங்கள் சொல்ல வந்தால், அதை மறுக்க முடியவில்லை.

தறிநூல்:

கடைசியாக ஒன்று. ரிலீஸ் கெட்டுப்போனால் 'ரோல்அவுட் அன்டூ' கொடுத்தால் முழுதாகப் பழைய நிலைக்குப் போய்விடும் என்று நம்பலாமா?

வெண்கலமணி:

பாட்டின் வார்ப்பு மட்டும் பழையதாகும். பழைய ரெப்ளிகாசெட்களில் வழக்கமாக 10 வரை பூஜ்யம் பாட்டோடு சேர்த்து வைத்திருப்பார்கள். அன்டூ என்பது அதில் ஒன்றின் வார்ப்பைத் திரும்ப டிப்ளாய்மென்ட்டில் எழுதுவது, அதன் பிறகு நடப்பது வழக்கமான ரோலிங் அப்டேட். கான்ஃபிக்மேப்பை (சேவையின் அமைப்பு மதிப்புகளை வைக்கும் பொருள்) அதே பெயரில் திருத்தியிருந்தால் அது பழையதாகாது. பழைய நிரல் புது அமைப்போடு எழும். அதனால் நான் ஒவ்வொரு ரிலீஸுக்கும் கான்ஃபிக்மேப்பின் பெயரிலேயே ஒரு ஹாஷைச் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட குறியை) சேர்த்துவிடுவேன். அன்டூ செய்தால் பழைய பெயரும் கூடவே வரும்.

டேட்டாபேஸ் ஸ்கீமாவைப் பற்றி அதற்கு எதுவுமே தெரியாது. ரோலிங் அப்டேட்டில் பழைய பாட்டும் புதியதும் ஒரே டேபிளைச் சில நிமிடம் சேர்ந்தே பயன்படுத்தும். ஆர்டர் டேபிளில் ஒரு நெடுவரிசையை நீக்க வேண்டுமானால் இந்த ரிலீஸில் நிரல் அதைப் படிப்பதையும் எழுதுவதையும் நிறுத்துங்கள், அந்த நெடுவரிசைக்கு நாட் நல் (காலியாக விடக் கூடாது என்ற) கட்டுப்பாடு இருந்தால் அதையும் தளர்த்திவிட்டு. ரிலீஸ் நிலைத்து, இனி அன்டூ தேவைப்படாது என்று தெரிந்த பிறகு அடுத்த ரிலீஸில் நெடுவரிசையை எடுங்கள். மைக்ரேஷனை (ஸ்கீமாவை மாற்றும் வேலை) சேவை எழும்போது ஓட விடாமல், ரிலீஸுக்கு முன் தனி ஜாபாக ஓட்டுங்கள். இல்லாவிட்டால் எழும் ஒவ்வொரு பாட்டும் அதே பூட்டுக்காக நிற்கும், எழுந்து முடிந்ததா என்று பார்க்கும் ஸ்டார்ட்அப் ப்ரோப்பும் அதற்கு ஏற்றபடி நீண்டுகொண்டே போகும்.